எம்.டி. எகிறிய அந்த அரை மணி நேரம்

கொங்குப் பகுதியில் கல்யாண மண்டபம் நடத்தும் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதி, ஏழு மாதக் கரண்ட் பில்களின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். கணவர் காலமான பிறகு மண்டபத்தை அவரே பார்த்துக்கொள்கிறார். எச்.டி. சர்வீஸ், அதாவது உயர் அழுத்த மின் இணைப்பு; வணிகப் பிரிவு. அனுமதி வாங்கிய டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட மின்சுமை, 200 கேவிஏ (சுமையை அளக்கும் அலகு). சொந்த டிரான்ஸ்பார்மர் 250 கேவிஏ. வழக்கமாக மாதப் பில் 2 லட்சத்திலிருந்து 2,60,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து வந்த பில் மட்டும் ஏறத்தாழ 3,98,000 ரூபாய். அதில் பதிவான அதிகபட்ச டிமாண்ட், சுருக்கமாக எம்.டி., 263 கேவிஏ; அதற்கு முந்தைய மாதங்களில் 172-ஐத் தாண்டியதே இல்லை.

ஏசி பிளான்டின் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது இழுத்த கரண்ட்டால்தான் இது நடந்தது, சில நொடி விஷயம், இதற்கு அபராதம் போடக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். கெப்பாசிட்டர் பேனலில் மூன்று கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்திருந்ததும் பில் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. "இயந்திரக் கோளாறுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? 250 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 263 எப்படி வரும், மீட்டரே தப்பு இல்லையா? வழக்கு முடியும்வரை பணம் கட்டாமல் இருக்கலாமா? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? திருட்டுக் கேஸ் போடுவார்கள் என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். டிமாண்டை 300 ஆகக் கூட்டிவிடு என்று இன்னொருவர் சொல்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பில்களை அடுக்கி, முகூர்த்த நாட்களைப் பென்சிலால் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்குதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. மின்சார வழக்குகளை நடத்தும் வழக்கறிஞனாக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு தகராறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. "மீட்டர் காட்டிய 263 உண்மையா?" என்பது ஒன்று. "உண்மையாகவே இருந்தாலும், இயந்திரக் கோளாறால் வந்ததற்கு ஏன் கட்ட வேண்டும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவதில் உங்கள் கை மிகவும் பலவீனம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், பலவீனமானது பலமானதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

"யூனிட் நாலாயிரம்தானே கூடியிருக்கிறது, ஒன்றரை லட்சம் எப்படிக் கூடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மண்டபத்துப் பந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மொத்தம் எத்தனை இலை போட்டோம் என்பது யூனிட். ஒரே பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது டிமாண்ட். ஆயிரம் பேர் ஐந்து பந்தியில் சாப்பிட்டால் இருநூறு பேர் உட்காரும் கூடம் போதும். ஒரே ஒரு பந்திக்கு இருநூற்று அறுபது பேர் வந்துவிட்டால், அந்த ஒரு பந்திக்காகவே பெரிய கூடம் வேண்டும். மின்வாரியம் உங்களுக்காக 200 பேர் உட்காரும் கூடம் ஒதுக்கிவைத்திருக்கிறது. டிமாண்ட் கட்டணம் என்பது அந்தக் கூடத்துக்கான வாடகை. கூடம் காலியாக இருந்தாலும் 90 விழுக்காட்டுக்கு, அதாவது 180 கேவிஏவுக்கு, வாடகை உண்டு. 200-ஐத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு மட்டும் இரட்டிப்பு. இது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழங்கல் விதித்தொகுப்பிலும் கட்டண ஆணையிலும் வைத்திருக்கும் விதி. வட்ட அலுவலகத்தில் யாரும் தம் விருப்பத்துக்குப் போட்டது கிடையாது.

கணக்கைப் பாருங்கள். புரிவதற்காகக் கேவிஏவுக்கு 600 ரூபாய், யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று முழு எண்ணில் போடுகிறேன். உங்கள் பில்லில் உள்ள விலை சற்று முன்பின் இருக்கும். வழக்கமான மாதத்தில் 180 கேவிஏவுக்கு 1,08,000 ரூபாய். இந்த மாதம் 200 கேவிஏவுக்கு 1,20,000, மேலே உள்ள 63 கேவிஏவுக்கு 1,200 வீதம் 75,600, ஆக 1,95,600. இதிலேயே 87,600 கூடிவிட்டது. கூடுதல் நாலாயிரம் யூனிட்டுக்கு 36,000. இன்னொரு வரியை நீங்கள் கவனிக்கவில்லை: பவர் ஃபேக்டர் (இழுத்த கரண்ட்டில் உண்மையில் வேலை செய்த பங்கு) 0.81 என்று போட்டு, அதற்கு ஈட்டுத்தொகையாக இருபத்தோராயிரத்துச் சொச்சம். வரியைச் சேர்த்தால் நீங்கள் சொல்லும் ஒன்றரை லட்சம் வந்துவிடுகிறது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பிழை இருந்தால் அது 263 என்ற எண்ணுக்குள் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னதற்கு வருகிறேன். கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது சரிதான். ஆனால் மீட்டர் அந்த நொடியைப் பிடித்து டிமாண்டாக எழுதிக்கொள்வதில்லை. பொதுவாக 30 நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்து, மாதத்திலேயே பெரிய சராசரியைத்தான் எம்.டி. என்று வைத்துக்கொள்ளும். சில மீட்டர்களில் இந்த இடைவெளி 15 நிமிடமாக இருக்கும். உங்களுடையதில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் 60 ஹெச்.பி. கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 52 கேவிஏ. ஆறு மடங்கு என்றால் 312. இது எட்டு நொடி நீடித்தது என்று வைத்தாலும், 1,800 நொடியில் பரப்பிப் பார்த்தால் சராசரியில் கூடுவது ஒரு கேவிஏ, அவ்வளவுதான். 63 கேவிஏவை ஸ்டார்ட்டிங் கரண்ட் தலையில் கட்ட முடியாது. மனுவில் இதை எழுதினால், எதிரில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் இரண்டே வரியில் தள்ளிவிடுவார்.

அப்படியானால் என்ன நடந்திருக்கும்? விடை உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், நீங்கள் வேறு எதற்காகவோ சொன்ன இடத்தில் இருக்கிறது. அந்த ஞாயிறு அதிகாலை 5.10-க்குக் கரண்ட் போனது, 5.50-க்கு வந்தது, முகூர்த்தம் 6 மணியிலிருந்து. ஜெனரேட்டரில் மேடையும் விளக்கும் மட்டும் ஓடின. கரண்ட் வந்ததும் "கூட்டம் வேர்த்து வழிந்ததால்" இரண்டு ஏசி பிளான்டையும் சேர்த்தே போட்டிருக்கிறீர்கள். மற்ற நாட்களில் ஒன்று நாலு மணிக்கே ஓடத் தொடங்கி, கூடம் குளிர்ந்த பிறகுதான் இரண்டாவது வரும். அதே நேரத்தில் பதினான்கு அறையிலும் உறவினர்கள் குளிக்க கீசர் போட்டிருப்பார்கள். அலங்காரக்காரரின் எல்.இ.டி. திரையும் எரிந்திருக்கும். இவையெல்லாம் சில நொடியில் அடங்குபவை இல்லை. சூடாகிப்போன கூடத்தைக் குளிர வைக்க இரண்டு பிளான்டும் முழு மூச்சில் அரை மணிக்கு மேல் ஓடும்.

இத்துடன் கெப்பாசிட்டர் சேர்கிறது. இதையும் பந்தியிலேயே சொல்லிவிடலாம். இலை போட்டாயிற்று, ஆள் உட்காரவில்லை. ஆனால் இடம் போனது போனதுதான். மோட்டார்கள் இழுக்கும் கரண்ட்டில் ஒரு பங்கு அப்படி வேலை செய்யாமல் இடத்தை மட்டும் அடைக்கும். அந்தப் பங்கை மண்டபத்துக்குள்ளேயே கொடுத்துச் சமாளிப்பது கெப்பாசிட்டர். அது செத்துவிட்டால், மொத்தத்தையும் வாரியத்தின் லைனிலிருந்து இழுப்பீர்கள். கேவிஏவைப் பவர் ஃபேக்டரால் பெருக்கினால் வருவது உண்மையில் வேலை செய்யும் சுமை, அதாவது கிலோவாட். உங்கள் பழைய 172 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.97-இல் சுமார் 167 கிலோவாட். அந்த அதிகாலை கிலோவாட் 200-க்கு ஏறி, பவர் ஃபேக்டர் 0.76-க்கு இறங்கியிருந்தால் கேவிஏ சரியாக 263. கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்து அதே 200 கிலோவாட் ஓடியிருந்தால் 206 கேவிஏவோடு போயிருக்கும். தாண்டிய 63-இல் 57 கெப்பாசிட்டர் கணக்கில் சேரும். இது என் ஊகம். மீட்டர் தரவு வந்தால் ஒரே நிமிடத்தில் உறுதியாகும், அல்லது உடையும்.

டிரான்ஸ்பார்மர் விஷயத்திலும் உங்கள் வாதம் நிற்காது. 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் அரை மணி நேரம் 263-ஐத் தாங்கும். அதற்கு முன் நாற்பது நிமிடம் சுமையே இல்லாமல் இருந்ததால் இன்னும் சுலபமாகத் தாங்கும். அந்த 250 அதன் தொடர்ச்சியான கொள்ளளவு, அதற்கு மேல் ஒரு துளியும் போகாத அணைக்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் கையில் வர வேண்டிய தாள்

இந்த வழக்கு முழுவதும் ஒரு கேள்வியில் நிற்கிறது: 263 பதிவானது எந்தத் தேதி, எந்த அரை மணி நேரம்? எச்.டி. மீட்டர் எம்.டி.யைத் தேதி, நேரத்துடன்தான் சேமித்துவைக்கும். அதோடு ஒவ்வொரு இடைவெளிக்கும் கிலோவாட், கேவிஏ, வோல்டேஜ் என்று வரிசையாகப் பதிந்திருக்கும். இதை லோட் சர்வே என்பார்கள். மீட்டர் சோதனைப் பிரிவான எம்.ஆர்.டி.காரர்கள் கருவி வைத்து இதை இறக்கித் தர முடியும்.

இதில் அவசரம் இருக்கிறது. லோட் சர்வே மீட்டருக்குள் என்றைக்கும் தங்காது. பல மீட்டர்களில் ஒன்றிரண்டு மாதத்தில் பழையது அழிந்து அந்த இடத்தில் புதியது ஏறிவிடும். என்னிடம் வந்த ஓர் அரவை ஆலைக்காரர், பேசித் தீர்த்துவிடலாம் என்று மூன்று மாதம் அலைந்துவிட்டு வந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே இன்றும் நம்புகிறேன். காட்டுவதற்குத் தரவு இல்லை. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்த வாரமே மேற்பார்வைப் பொறியாளருக்குக் கடிதம் கொடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"எங்கள் எச்.டி. சர்வீஸின் இந்த மாதப் பில்லில் பதிவான 263 கேவிஏ எம்.டி. குறித்து எங்களுக்கு ஐயம் உள்ளது. அது பதிவான தேதி, நேரம், அம்மாதம் முழுமைக்குமான லோட் சர்வே விவரம், டிமாண்ட் கணக்கிடும் இடைவெளி, பெருக்கல் காரணி, எம்.டி. ரீசெட் செய்த தேதிகள் ஆகியவற்றை வழங்கவும், தகராறு தீரும்வரை அத்தரவை இறக்கிப் பாதுகாத்து வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஸ்பீட் போஸ்டிலும் ஒன்று அனுப்புங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆனால் அதற்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், தரவு அதுவரை காத்திருக்காது. அதனால் கடிதத்தில் அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம்.

தாள் வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். நேரம், மண்டபத்தில் கல்யாணமே இல்லாத நாளாக இருக்கிறதா? போன மாத ரீடிங்குக்குப் பிறகு எம்.டி. ரீசெட் ஆகியிருக்கிறதா, அல்லது பழைய எண் அப்படியே தொடர்கிறதா? மீட்டர் ரீடிங்கைப் பெருக்கும் காரணி, மீட்டருக்குக் கரண்ட்டையும் வோல்டேஜையும் குறைத்துக் கொடுக்கும் உங்கள் சி.டி., பி.டி. கருவிகளின் விகிதத்தோடு பொருந்துகிறதா? மூன்று பேஸிலும் வோல்டேஜும் கரண்ட்டும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றனவா? இவற்றில் ஒன்று தவறினாலும் உங்கள் கட்சி பலமாகிவிடும். அப்போது கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், சோதனை நடக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். மாறாக, அந்த ஞாயிறு 5.50-க்கும் 6.30-க்கும் நடுவே 263 நின்று, பக்கத்தில் பவர் ஃபேக்டரும் விழுந்திருந்தால், மீட்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

இயந்திரக் கோளாறு என்ற வாதம்

மீட்டர் சரி என்று தெரிந்த பிறகும் "வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அதை நம்பி வழக்கை நடத்த வேண்டாம். கூடுதல் டிமாண்ட் கட்டணம் குற்றத்துக்கான தண்டனை என்றால் எண்ணம் என்ன என்று பார்ப்பார்கள். இது பயன்படுத்தியதற்கான விலை, விதியில் எழுதிய விலை. பழுதான சாதனத்துக்கு விலக்கு என்று விதியில் இல்லாதபோது, வட்ட அலுவலகமோ குறைதீர்க்கும் மன்றமோ இரக்கப்பட்டுத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்ததால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது என்ற வாதமும் அப்படித்தான். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எந்த பிளான்டை எப்போது போடுவது என்பது உங்கள் கையில் இருந்தது என்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். "அந்த நிமிடம் கெப்பாசிட்டர் வெடித்துவிட்டது" என்று எழுத நினைத்திருக்கிறீர்கள். எழுதாதீர்கள். பில்லில் உள்ள 0.81 மாதம் முழுமைக்குமான சராசரி. ஒரு காலையில் வெடித்ததால் ஒரு மாதச் சராசரி அவ்வளவு கீழே வராது. நீங்கள் அனுப்பிய பழைய பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன்: 0.97, 0.97, 0.96, அப்புறம் 0.92, இப்போது 0.81. போன மாதமே சரிந்திருக்கிறது. 0.90-க்குக் கீழே போகாததால் ஈட்டுத்தொகை வரவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. 0.75-க்கும் 0.85-க்கும் இடையில் இருந்தால், 0.90-இலிருந்து குறைந்த ஒவ்வொரு 0.01 புள்ளிக்கும் மின் நுகர்வுக் கட்டணத்தில் ஒன்றரை விழுக்காடு. ஒன்பது புள்ளிக்குப் பதின்மூன்றரை விழுக்காடு. அந்த இருபத்தோராயிரம் வந்த வழி இதுதான்.

பணத்தை மீட்க வேறொரு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். பேனலுக்கும் ஏசிக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்தில் கெப்பாசிட்டர் பேனலைப் பார்ப்பதும் சேர்ந்திருந்தால், அவர்கள் வந்து கையெழுத்துப் போட்ட சர்வீஸ் தாள்களைத் தேடி எடுங்கள். சரிந்துகொண்டிருந்த மாதத்தில் "எல்லாம் நலம்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால், நஷ்டத்தைக் கேட்டு அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப இடம் உண்டு. வாரியத்தோடு மோதுவதைவிட இதில் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. வெடித்த கெப்பாசிட்டர்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து, மூட்டை கட்டி வையுங்கள்.

கட்டுவதா, நிறுத்துவதா?

"வழக்கு முடியும்வரை ஒரு பைசா கட்ட மாட்டேன்" என்ற முடிவை மட்டும் எடுக்காதீர்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் பிரிவு 56-இன்படி, பாக்கி வைத்தால் 15 முழு நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம். முகூர்த்த நாளில் மண்டபம் இருட்டாக இருந்தால், பெண் வீட்டாருக்கு நீங்கள் எந்தச் சட்டப் பிரிவைக் காட்டுவீர்கள்?

அதே பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது. கேட்கும் தொகை முழுவதையும், அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகையை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபனையுடன் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. உங்கள் ஆறு மாதச் சராசரி 2,35,000 ரூபாய் அளவில் வருகிறது. பணத்தோடு "பிரிவு 56-இன்படி ஆட்சேபனையுடன் செலுத்தப்படுகிறது" என்று கடிதமும் போக வேண்டும். இணையத்தில் வெறுமனே பணத்தை மட்டும் அனுப்பினால் அது பாதிக் கட்டணமாகத்தான் பதிவாகும்.

தோற்றுவிட்டால் மீதித் தொகைக்குத் தாமதக் கட்டணமும் சேர்ந்து வரும். ஆகவே லோட் சர்வே உங்களுக்கு எதிராக இருந்து, கையில் பணமும் இருந்தால், ஆட்சேபனை எழுதிவிட்டு முழுவதையும் கட்டிவிடுவதே நிம்மதி. ஆட்சேபனையுடன் கட்டியதால் உரிமை போகாது. ஜெயித்தால் வரும் பில்களில் சரிசெய்வார்கள். பணம் இல்லாவிட்டால் தவணை கேட்டு எழுதிப் பாருங்கள். அதை உரிமையாகக் கோர முடியாது, ஆனால் பழைய பாக்கியே இல்லாத சர்வீஸ் என்பதால் கேட்பதில் தவறில்லை.

எங்கே முறையிடுவது?

நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்கு ஏற்ற இடம் இல்லை. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோராக மாட்டார். உத்தரப் பிரதேச மின் கழகத்துக்கும் அனிஸ் அகமதுவுக்கும் நடந்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு தொழிலுக்கு விலக்கு உண்டு என்றாலும், எச்.டி. இணைப்பும் பன்னிரண்டு பணியாளர்களும் உள்ள மண்டபத்துக்கு அதைப் பொருத்துவது கடினம். ஒரு வருடம் ஓடிய பிறகு "இது எங்கள் வரம்பில் வராது" என்று திருப்பி அனுப்பினால் யாருக்கு நஷ்டம்?

மின்சாரச் சட்டம் இதற்கென்றே வழி வைத்திருக்கிறது. முதலில் மேற்பார்வைப் பொறியாளரிடம் எழுத்து மனு. திருப்தி இல்லையென்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் உத்தரவும் சரியில்லை என்று பட்டால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. வணிக நுகர்வோரும் இங்கே போகலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. உங்களைப் போலத் தாள்களை ஒழுங்காக வைத்திருப்பவர் தானே பேசினால் நன்றாகவே எடுபடும். எடுத்த எடுப்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், இந்த வழியில் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லவே வாய்ப்பு அதிகம்.

"ஆபீஸில் ஒருத்தர் இருக்கிறார், இருபதாயிரம் கொடுத்தால் எண்ணை மாற்றிவிடுவார்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள். எம்.டி. எண் மீட்டருக்குள் தேதி, நேரத்தோடு இருக்கிறது. அதை மாற்றுவதாகச் சொல்பவர், கட்டணத் தகராறில் இருக்கும் உங்களைக் குற்ற வழக்குக்குள் தள்ளிவிடுவார்.

திருட்டு வழக்கு பயம்

உங்கள் மைத்துனர் சொன்னதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிவு 135-இன்படி மின் திருட்டு என்றால், நேர்மையற்ற எண்ணத்தோடு லைனில் கொக்கி போடுவது, மீட்டரைக் கெடுப்பது போன்ற செயல் வேண்டும். நீங்கள் இழுத்த ஒவ்வொரு கேவிஏவும் மீட்டர் வழியாகத்தான் போயிருக்கிறது.

ஆனால் பிரிவு 126 என்று ஒன்று இருக்கிறது: அங்கீகாரமற்ற பயன்பாடு. அனுமதித்த அளவை மீறி இழுப்பதும் அதில் அடங்கும் என்று, ஒடிசாவின் சீதாராம் ரைஸ் மில் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது பில்லுக்குள் போட்ட வழக்கமான கூடுதல் டிமாண்ட் கட்டணம். 126 நோட்டீஸ் இல்லை. ஒருவேளை "தற்காலிக மதிப்பீடு" என்ற தலைப்பில் ஏதாவது வந்தால், அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு ஆட்சேபனை சொல்லும் முறை வேறு. குறைதீர்க்கும் மன்றம் அதை விசாரிக்காது. இறுதி உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள், தொகையில் பாதியைக் கட்டித்தான் மேல்முறையீடு செய்ய முடியும். இதனால்தான் மனுவில் வார்த்தையைப் பார்த்து எழுதச் சொல்கிறேன். "புதிதாக இன்னும் லோடு சேர்த்திருந்தோம்" என்பது போன்ற வாக்கியம் வேண்டவே வேண்டாம், அது உண்மையும் இல்லை. இருந்த சாதனங்கள்தான் ஒரே நேரத்தில் ஓடின.

டிமாண்டை 300 ஆக்கலாமா?

இந்த ஆலோசனை நல்லெண்ணத்தில் சொன்னதாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கு இது பெரிய இழப்பு. 300-இல் 90 விழுக்காடு 270. அதே 600 ரூபாய்க் கணக்கில் மாதம் 1,62,000. இப்போது கட்டும் 1,08,000-ஐவிட 54,000 கூடுதல், வருடத்துக்கு 6,48,000. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும்போதும் இதைக் கட்ட வேண்டும். ஒரே ஒரு முறை வந்த 87,600 ரூபாய்க்குப் பயந்து, ஆண்டுதோறும் ஆறரை லட்சம் கொடுப்பதா? கூடுதல் வைப்புத்தொகையும் பெரிய டிரான்ஸ்பார்மரும் தனி. 200 உங்களுக்குப் போதும் என்று ஆறு மாதப் பில்களே சொல்கின்றன.

செய்ய வேண்டியது பேனல் அறையில்தான். வெடித்த கெப்பாசிட்டர்களையும், அவற்றை மாற்றி மாற்றிப் போடும் ரிலேவையும் புதுப்பியுங்கள். பெரும்பாலும் இந்த ஒரு மாதக் கூடுதலைவிடக் குறைவாகவே செலவாகும். கரண்ட் போய் வந்தால் இரண்டாவது பிளான்ட் தானாக முக்கால் மணி நேரம் தள்ளிக் கிளம்பும்படி டைமர் வைக்கச் சொல்லுங்கள். டிமாண்ட் 185-ஐத் தொட்டால் மணி அடிக்கும் கருவியும் கிடைக்கிறது. மணி அடித்தால் முதலில் கீசர் வரிசையை அணைக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவையுங்கள். முன்பதிவு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: அலங்காரக்காரர் கொண்டுவரும் திரையும் விளக்கும் எத்தனை கிலோவாட் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் அவர்களே ஜெனரேட்டர் கொண்டுவர வேண்டும். அப்புறம், பேனல் முகப்பில் பவர் ஃபேக்டர் காட்டும் சின்னத் திரையின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இரவுக் காவலர் தினமும் அந்த எண்ணை எழுதட்டும். 0.95-க்குக் கீழே எழுதிய அன்றே உங்களுக்குப் போன் வரட்டும்.

லோட் சர்வே தாள் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போவதா, பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவதா என்பதை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதுவரை கடிதத்தையும் ஆட்சேபனைக் கட்டணத்தையும் தள்ளிப்போடாதீர்கள். பில்லில் அச்சிட்ட கடைசித் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.